சிகரெட்டை விட நினைப்பவருக்கு வேப் கருவி: பிரிட்டனில் புதிதாகத் தொடங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

பிரிட்டனில் வாழ்ந்து, நாள்தோறும் சிகரெட் புகைத்து, அதை விட்டுவிட ஒருமுறையேனும் முயன்று தோற்ற, 18 வயது நிறைந்தவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சிகரெட்டைத் தொட்டே அறியாதவருக்கு இதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர் வேப் எனப்படும் மின்னணு சிகரெட்டின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது, ஏனெனில் நிகோடின் என்பது பழகிவிட்டால் எளிதில் விடாத பொருள். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: 2019 செப்டம்பர் 18 முதல் அங்கே மின்னணு சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் தடைசெய்யப்பட்டுள்ளன. ஆகவே கீழே உள்ளவை பிரிட்டனின் சட்டத்தையும் கடைகளையும் மட்டுமே கருத்தில் கொண்டவை.

எரிவதும் சூடாவதும்

சிகரெட்டின் கொடுமை பெரும்பாலும் எரிதலில் இருக்கிறது. புகையிலை எரியும்போது தாரும் கார்பன் மோனாக்சைடும் ஆயிரக்கணக்கான வேறு வேதிப்பொருட்களும் உண்டாகின்றன. புற்றுநோயும் மாரடைப்பும் நுரையீரல் அடைப்பு நோயும் பெரும்பாலும் இவற்றால் வருகின்றனவே தவிர நிகோடினால் அல்ல. மனிதரைச் சிகரெட்டோடு கட்டிப்போடும் கயிறுதான் நிகோடின். வேப் கருவியில் எதுவும் எரிவதில்லை. நிகோடின் கலந்த திரவத்தை மின்சாரத்தால் சூடாக்கி, மிக நுண்ணிய துளிகளாக்கி, அதை இழுக்கிறோம். தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை.

இதனால் தீங்கே இல்லை என்று பொருளல்ல. அன்றைய இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் வெளியிட்ட அறிக்கை, சிகரெட்டோடு ஒப்பிட்டால் வேப்பின் தீங்கு ஏறத்தாழ 95 விழுக்காடு குறைவு என்று மதிப்பிட்டது. அந்த எண்ணைப் பற்றி விவாதங்கள் உண்டு, பல பத்தாண்டுகள் பயன்படுத்துவதன் விளைவு அறிவியலுக்கு இன்னும் முழுமையாகத் தெரியாது. ஆனால் 'சிகரெட்டை விடுவதற்கு இது உதவுகிறதா' என்ற கேள்விக்கு விடை தெளிவாக இருக்கிறது. லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தினர் 886 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வேப் கருவியைப் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் சிகரெட் இல்லாமல் இருந்தனர். தோலில் ஒட்டும் பட்டை (பேட்ச்), சூயிங்கம் போன்ற மாற்று நிகோடின் பெற்றவர்களில் அந்த அளவு 9.9 விழுக்காடு. இரு பிரிவினருக்கும் வாரந்தோறும் ஆலோசனை தரப்பட்டது என்பதைச் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு தனியாகப் போராடுபவரின் நிலை இதே அளவில் இருக்கும் என்று எண்ணக்கூடாது. உங்கள் வட்டாரத்தில் இயங்கும் புகை நிறுத்தச் சேவையை முதலில் அணுகுங்கள். இங்கிலாந்தில் 2023இல் அறிவிக்கப்பட்ட திட்டத்தின் கீழ் பல இடங்களில் தொடக்கக் கருவியையே இலவசமாகத் தருகிறார்கள்.

கருவியின் உறுப்புகள்

கடையில் கண்ணாடிப் பேழைக்குள் எத்தனை வடிவங்கள் மின்னினாலும் உள்ளே இருப்பவை நான்கே பகுதிகள்தாம். மின்சாரம் தரும் லித்தியம் பேட்டரி, திரவம் நிற்கும் டேங்க் அல்லது பாட் என்னும் சிறு கலன், வாயில் வைக்கும் முனை, இவற்றுக்கு நடுவே காயில். காயில் என்பது பஞ்சு சுற்றிய ஒரு சிறு உலோகக் கம்பிச் சுருள் அல்லது வலை. பஞ்சு திரவத்தை உறிஞ்சிக் கம்பிக்குக் கொண்டுவரும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். அகல் விளக்கில் திரி செய்யும் வேலையை இங்கே பஞ்சு செய்கிறது என்று நினைத்துக்கொண்டால், இக்கருவியில் எழும் சிக்கல்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

காயிலின் மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்று ஓம், அதாவது மின்தடை. மற்றொன்று அந்தக் காயில் தாங்கும் வாட் அளவு. மின்தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடும். முழுதாகச் சார்ஜ் ஆன 4.2 வோல்ட் பேட்டரி நேரடியாக 0.5 ஓம் காயிலுக்கு மின்சாரம் தந்தால் 8.4 ஆம்பியர் பாயும், ஏறத்தாழ 35 வாட் வெப்பம் எழும். அதுவே 1.2 ஓம் காயிலானால் 15 வாட்டுக்கும் குறைவு. முன்னது பெரும் புகைமூட்டம் எழுப்பி, நேரே நுரையீரலுக்கு இழுக்கும் முறைக்கானது. பின்னது, சிகரெட்டைப் போல முதலில் வாய்க்குள் இழுத்து, பிறகு உள்ளே எடுத்துக்கொள்ளும் முறைக்கானது. சிகரெட்டிலிருந்து வருபவருக்குப் பின்னதே பழகிய உணர்வைத் தரும். மேகம் விடும் கருவிகளின் பகட்டில் மயங்கி முதல் நாளே அதை வாங்குபவர்கள், இருமி இருமி இரண்டாம் நாளே சிகரெட்டுக்குத் திரும்புவதுண்டு.

எந்தக் கருவியை வாங்குவது

ஒருமுறை பயன்படுத்தி எறியும் வேப் கருவிகளின் விற்பனை 2025 ஜூன் 1 முதல் பிரிட்டன் முழுவதும் தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆகவே இப்போது சட்டப்படி கிடைப்பவை சார்ஜ் செய்து, திரவம் நிரப்பி அல்லது கலனை மாற்றிப் பயன்படுத்தும் கருவிகளே. புதியவருக்கு ஏற்றது, திரவம் நிரப்பக்கூடிய, பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட, 0.8 முதல் 1.2 ஓம் வரையிலான காயில் கொண்ட சிறிய பாட் கருவி. பொத்தான் இல்லாமல், இழுத்தாலே இயங்கும் வகை இன்னும் எளிது. நிரப்பி மூடிய கலன்களை மாற்றும் வகை வசதியானதுதான், ஆனால் மாதச் செலவு கூடும், நிகோடின் அளவைப் படிப்படியாகக் குறைக்கும் வாய்ப்பும் சுருங்கும்.

மின்சுற்றுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத 'மெக்கானிக்கல் மாட்' எனப்படும் குழாய்க் கருவியை யார் பரிந்துரைத்தாலும் வாங்க வேண்டாம். மின்தடையைக் கணக்கிட்டு, பேட்டரியின் தாங்குதிறனோடு ஒப்பிடத் தெரிந்தவர்களின் பொழுதுபோக்கு அது. கணக்கு பிழைத்தால் தடுத்து நிறுத்த அதில் எந்தச் சுற்றும் இல்லை.

திரவமும் அதன் எண்களும்

வேப் திரவத்தில் இருப்பவை புரோப்பிலீன் கிளைக்கால், தாவர கிளிசரின், சுவையூட்டி, நிகோடின் ஆகியவை. பிரிட்டனில் 2016 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி நிகோடின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, நிகோடின் உள்ள புட்டி 10 மில்லிலிட்டருக்கும் கருவியின் கலன் 2 மில்லிலிட்டருக்கும் மேற்படக்கூடாது. இந்த மூன்று எண்களையும் மனத்தில் வைத்திருங்கள், போலிச் சரக்கைக் கண்டுபிடிக்கவும் இவை உதவும்.

புதியவர்கள் பிழை செய்வது பெரும்பாலும் நிகோடின் அளவில்தான். குறைவாக எடுத்தால் நல்லது என்ற நல்லெண்ணத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள புட்டியை வாங்கி, சிறிய பாட் கருவியில் ஊற்றி, ஏக்கம் தணியாமல் மாலைக்குள் பெட்டிக்கடைக்கு ஓடுகிறார்கள். காலையில் கண்விழித்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவரா, நாளொன்றுக்கு 20க்கு மேல் புகைப்பவரா, அப்படியானால் 18 அல்லது 20 மில்லிகிராமில் தொடங்குவது பொருத்தம். 10 முதல் 20 வரை புகைப்பவருக்கு 12 மில்லிகிராம் அளவும், அதற்கும் குறைவானவருக்கு 6 மில்லிகிராம் அளவும் போதுமானதாக இருக்கலாம். இவை சிறிய பாட் கருவிக்கான அளவுகள். இதே 20 மில்லிகிராம் திரவத்தைப் புகைமூட்டம் எழுப்பும் பெரிய கருவியில் ஊற்றினால், ஓர் இழுப்பில் ஆவியாகும் திரவம் பன்மடங்காகித் தலைசுற்றலும் குமட்டலும் வரும்.

நிகோடினிலும் இருவகை உண்டு. சாதாரண நிகோடின் அளவு கூடும்போது தொண்டையைக் கரகரக்கச் செய்யும். 'நிக் சால்ட்' எனப்படும் உப்பு வடிவம், பெரும்பாலும் பென்சாயிக் அமிலம் சேர்த்து உருவாக்கப்படுவது, அதிக அளவிலும் மென்மையாக இறங்கும். அதிகம் புகைத்தவருக்கு உப்பு வடிவமே பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கிளைக்காலும் கிளிசரினும் சரிபாதியாக உள்ள திரவமே பாட் கருவிக்கு ஏற்றது. 70 விழுக்காடு கிளிசரின் உள்ள கெட்டியான திரவம் சிறிய காயிலின் பஞ்சில் வேகமாக ஊறாது. புரோப்பிலீன் கிளைக்கால் சிலருக்குத் தொண்டை எரிச்சலையோ தோல் தடிப்பையோ தரக்கூடும், அவர்கள் கிளிசரின் சற்றுக் கூடிய திரவத்தையும் அதற்கேற்ற காயிலையும் தேட வேண்டும்.

முதல் முறை நிரப்புதல்

பெட்டியைப் பிரித்ததும் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்யுங்கள். காயில் தனியாக இருந்தால், அதைக் கலனில் பொருத்துவதற்கு முன் பஞ்சு தெரியும் ஓட்டைகளில் இரண்டு மூன்று துளி திரவத்தை விடுங்கள். பிறகு கலனை நிரப்புங்கள். விளிம்பு வரை ததும்ப நிரப்பாமல், சிறிது காற்றிடம் விடுவது கசிவைக் குறைக்கும். கையில் பட்ட திரவத்தை உடனே கழுவிவிடுங்கள், நிகோடின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்.

இனி வருவதுதான் பலரும் தாவிக் குதித்துவிடும் படி. நிரப்பிய கருவியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குறைந்தது பத்து நிமிடம் தொடாமல் இருக்க வேண்டும். எண்ணெய் ஊறாத திரியைக் கொளுத்தினால் திரியே கருகுவதைப் போல, திரவம் ஊறாத பஞ்சில் கம்பி சூடானால் பஞ்சு கருகிவிடும். அப்படிக் கருகிய காயிலை மீட்க வழியில்லை, எத்தனை முறை நிரப்பினாலும் அந்தத் தீய்ந்த சுவை போகாது. கருகிய சுவையோடு இழுப்பது நாக்குக்கு மட்டும் கேடல்ல. அந்த அதிவெப்பத்தில் ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுப்பொருட்கள் உண்டாகின்றன. எனவே தீய்ந்த மணம் வந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். வாட் அளவை மாற்றக்கூடிய கருவியானால், காயிலில் எழுதியுள்ள எல்லையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.

ஒரு காயில் ஒன்று முதல் இரண்டு வாரம் வரை உழைக்கும். இனிப்புச் சுவைத் திரவங்களில் சேர்க்கப்படும் சுக்ரலோஸ் கம்பியின்மேல் கருஞ்சர்க்கரைப் பாகுபோலப் படிந்துவிடுவதால், அவற்றை விரும்புபவர் அடிக்கடி காயில் மாற்ற வேண்டியிருக்கும். சுவை மங்குவதும், திரவம் கறுப்பதும், குமிழியிடும் ஒலி கூடுவதும் மாற்றும் காலம் வந்ததற்கான அறிகுறிகள்.

இழுக்கும் முறை

சிகரெட்டைச் சட்டென்று பலமாக இழுத்துப் பழகியவர்கள் வேப்பையும் அப்படியே இழுப்பார்கள். அப்போது திரவம் காயிலுக்குள் வெள்ளமாகப் புகுந்து, சூடான துளிகள் வாய்க்குள் தெறிக்கும். மூன்று நான்கு நொடி மெதுவாக, சீராக வாய்க்குள் இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, பின் உள்ளே எடுத்துக்கொள்வதே முறை. அடுத்த இழுப்புக்கு அரை நிமிடமாவது இடைவெளி விட்டால் பஞ்சு மீண்டும் ஊறிக்கொள்ளும்.

சிகரெட் சில நிமிடங்களில் தானே முடிந்துவிடும், வேப்புக்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. அதனால் ஏக்கம் எழும்போது சில இழுப்புகள், பிறகு பைக்குள் என்ற ஒழுங்கை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். நிகோடின் சிகரெட்டைவிடச் சற்று மெதுவாகவே வந்து சேரும் என்பதால், முதல் இழுப்பிலேயே நிறைவு வரவில்லை என்று அடுத்தடுத்து இழுக்க வேண்டாம். தலைவலி, குமட்டல், விக்கல், படபடப்பு ஆகியவை அளவு மிஞ்சியதைக் காட்டும். நிறுத்தி, தண்ணீர் குடித்து, நல்ல காற்றில் அமர்ந்தால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணியும். மார்புவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் காத்திருக்காமல் அவசர உதவி எண்ணான 999ஐ அழைக்க வேண்டும்.

முதல் வாரங்கள்

உலர்ந்த வாயும் லேசான இருமலும் தொடக்கத்தில் பலருக்கும் வரும். கிளிசரினும் கிளைக்காலும் ஈரத்தை ஈர்ப்பவை என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடிப்பது நல்லது. எச்சரிக்கப்பட வேண்டிய பெரிய ஆபத்து வேறு: பகலில் வேப், மாலையில் நண்பர்களோடு இரண்டு சிகரெட் என்ற இரட்டைப் பழக்கம். சில நாட்கள் இரண்டும் கலந்திருப்பது இயல்புதான், ஆனால் அது மாதக்கணக்கில் நீடித்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் உடலுக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும். சிகரெட்டை முற்றாக விடும் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அன்று சாம்பல் கிண்ணத்தையும் லைட்டரையும் வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். சிகரெட் புகையின் தாரில் உள்ள சில பொருட்கள், கல்லீரலில் காஃபீனையும் சில மருந்துகளையும் சிதைக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகைப்பதை நிறுத்தினால் அந்தத் தூண்டல் அடங்கிவிடுகிறது, நேற்றுவரை குடித்த அதே அளவு காபி இன்று உடலில் கூடுதல் நேரம் தங்குகிறது. வேப்புக்கு மாறியதும் தூக்கம் வரவில்லை, மனம் பதைக்கிறது என்று கருவியின்மேல் பழி போடுபவர்களில் சிலர், உண்மையில் ஐந்தாவது டம்ளர் காபியைத்தான் குறைசொல்ல வேண்டும். இதுவே மருந்துகளில் விளையாட்டல்ல. க்ளோசபின், ஓலான்சபின், தியோஃபிலின் ஆகியவற்றை எடுத்துக்கொள்பவர்கள், சிகரெட்டை நிறுத்துமுன் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், ஏனெனில் மருந்தின் அளவு இரத்தத்தில் உயர்ந்துவிடக்கூடும். வார்ஃபரின் உட்கொள்பவரும் அப்படியே. கருவுற்றிருப்பவர்களுக்குத் தேசிய நலச்சேவை (என்.எச்.எஸ்.) முதலில் பரிந்துரைப்பது பட்டை, சூயிங்கம் போன்றவற்றையே. மருத்துவச்சியிடம் பேசாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

பேட்டரி

கைபேசிக்கு இருக்கும் அதே லித்தியம் பேட்டரிதான் இங்கும் என்பதால் அதே கவனம் போதும், ஆனால் அந்தக் கவனம் தவறாமல் வேண்டும். கருவியோடு வந்த வடத்தையும் கையேடு சொல்லும் சார்ஜரையும் பயன்படுத்துங்கள். வேகச் சார்ஜர்கள் எல்லாக் கருவிக்கும் பொருந்துவதில்லை. தலையணை அருகிலோ சோபாவின் மேலோ வைக்காமல் கெட்டியான தளத்தில், விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் செய்து, நிறைந்ததும் கழற்றிவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடாதீர்கள். தண்ணீரில் விழுந்த, வீங்கிய, வழக்கத்துக்கு மாறாகச் சூடாகும் கருவியை மீண்டும் பயன்படுத்த முயலக்கூடாது.

பேட்டரியைக் கழற்றி மாற்றும் கருவிக்கு நாளடைவில் போகிறவர்கள் 18650 என்ற எண்ணைக் காண்பார்கள், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் என்பது அதன் பொருள். அந்தப் பேட்டரியைச் சாவியும் சில்லறையும் கிடக்கும் கால்சட்டைப் பையில் போட்டு, உலோகம் பட்டுக் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தொடை வெந்தவர்கள் உண்டு. பிளாஸ்டிக் பெட்டியில் மட்டுமே அதை எடுத்துச் செல்ல வேண்டும், மேலுறை கிழிந்திருந்தால் பயன்படுத்தவே கூடாது.

குழந்தை இருக்கும் வீடு

பழச்சுவை மணம் வீசும், வண்ணத் தாள் ஒட்டிய சிறு புட்டி ஒரு குழந்தையின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. 20 மில்லிகிராம் வலுவுள்ள ஒரு 10 மில்லிலிட்டர் புட்டியில் 200 மில்லிகிராம் நிகோடின் இருக்கிறது, அதன் சிறு பகுதியே ஒரு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். குழந்தை திறக்க முடியாத மூடியைச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தாலும் அதை மட்டும் நம்பாமல், புட்டிகளையும் நிரப்பிய கருவியையும் பூட்டிய அலமாரியில் வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே உடனடியாக 999ஐ அழைத்து, புட்டியையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். வாந்தி எடுக்கவைக்க முயலக்கூடாது. நாய் வளர்ப்பவர்களும் இவற்றை அதற்கு எட்டாதபடி பூட்டி வைக்க வேண்டும்.

கலனுக்குள் போகக்கூடாதவை

வேப் திரவம் தவிர வேறெதையும், குறிப்பாக எண்ணெய் வகை எதையும் கலனில் ஊற்றக்கூடாது. தைலமோ நறுமண எண்ணெயோ வயிற்றுக்குள்ளும் தோலின்மேலும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நுரையீரலுக்குள் அது அழற்சியைத் தரும். 2019இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பில், 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர், இறந்தவர்கள் மட்டும் 68 பேர். அதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது, சட்டவிரோதக் கஞ்சாச் சாற்றுக் குப்பிகளில் கலக்கப்பட்ட வைட்டமின் இ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள். தெரிந்தவர் கொடுத்தார், இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்று மூலம் தெரியாத திரவத்தை வாங்குவதன் ஆபத்தை இதற்குமேல் விளக்க முடியாது.

சட்டப்படியான பொருளில் நிகோடின் பற்றிய எச்சரிக்கை உறையின் முன்னும் பின்னும் பெரிதாக இருக்கும், உற்பத்தியாளர் விவரமும் சேர்மானங்களும் அச்சிடப்பட்டிருக்கும். ஒரே கலனில் 2 மில்லிலிட்டருக்கு மேல் திரவம், நிகோடின் 20 மில்லிகிராமைத் தாண்டிய அளவு, ஆங்கிலமே இல்லாத உறை ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள். பயன்படுத்தியபின் உடலில் எதிர்பாராத விளைவு தோன்றினால், மருந்துகளைக் கண்காணிக்கும் பிரிட்டன் அரசு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ. நடத்தும் மஞ்சள் அட்டைத் திட்டத்தில் யார் வேண்டுமானாலும் முறையிடலாம்.

ஊருக்குப் போகும்போது

விமானத்தில் வேப் கருவியும் உதிரிப் பேட்டரியும் கைப்பையில் மட்டுமே போக வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது, விமானத்துக்குள் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. ஆனால் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவருக்குச் சரியான அறிவுரை அதை லண்டனிலேயே விட்டுச் செல்வதுதான். இந்தியச் சட்டத்தில் இறக்குமதிக்கு முதல் முறையே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமுண்டு. சிங்கப்பூர் வழியாகப் போவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும், 2018 பிப்ரவரி முதல் அங்கே கருவியை வைத்திருப்பதே குற்றம். பயண நாட்களுக்கு நிகோடின் பட்டையையும் சூயிங்கத்தையும் எடுத்துச் செல்லலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே அவற்றைப் பழகிப் பார்த்துவிட்டால், ஊரில் உறவினர் நீட்டும் சிகரெட்டை மறுக்கும் வலு இருக்கும்.

வேப்பையும் விடுவது

மேலே சொன்ன 2019ஆம் ஆண்டு ஆய்வில், வேப் உதவியால் சிகரெட்டை விட்டவர்களில் 80 விழுக்காட்டினர் ஓராண்டு கழித்தும் வேப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். ஆகவே வெளியேறும் வழியையும் தொடக்கத்திலேயே எண்ணி வைப்பது நல்லது. அவசரம் மட்டும் வேண்டாம். சிகரெட்டின் நினைவே வராத சில மாதங்கள் கடந்தபின், 20இலிருந்து 12, பிறகு 6, பிறகு 3 என்று ஒவ்வொரு படியிலும் சில வாரங்கள் தங்கி இறங்கலாம். அளவைக் குறைத்ததும் இழுப்புகள் இருமடங்காகிவிட்டால் உடல் இன்னும் தயாராகவில்லை என்று கொண்டு, முந்தைய படிக்கே திரும்பலாம். வீட்டுக்குள் இழுப்பதில்லை, காரில் இழுப்பதில்லை என்று இடங்களை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வருவதும் உதவும். சிகரெட் மீண்டும் கைக்கு வந்துவிடும் என்ற அச்சம் எழுந்தால் குறைப்பதை நிறுத்திவையுங்கள்.

கருவி தேவைப்படாத நாள் வந்தால் அதை வீட்டுக் குப்பைத்தொட்டியில் எறிய வேண்டாம், நசுங்கிய லித்தியம் பேட்டரிகளால் குப்பை வண்டிகள் தீப்பிடிக்கின்றன. கலனில் மிஞ்சிய திரவத்தைப் பஞ்சிலோ தாளிலோ ஒற்றியெடுத்து, உறையிட்டுக் குப்பையில் சேர்த்துவிட்டு, கருவியை வேப் விற்கும் கடையில் கொடுத்துவிடலாம். விற்கும் கடைகள் பழைய கருவியைத் திரும்பப் பெறும் வசதியைச் செய்து தர வேண்டும் என்பது சட்டம்.